நீர் போகும் வழியே மீன் போகுமா?

1904-ஆம் ஆண்டில் நார்வேக் கடலில் பிறந்த ஹெர்ரிங் மீன்கள் அடுத்து வந்த பல ஆண்டுகள் அந்நாட்டு மீனவர்களின் வலைகளை நிரப்பிக்கொண்டே இருந்தன. அதை ஒட்டி முன்னும் பின்னும் வந்த ஆண்டுகளில் பிறந்தவை அந்த அளவுக்கு அருகில்கூட வரவில்லை. செதிலில் பதியும் ஆண்டு வளையங்களை எண்ணி இதைக் கண்டறிந்த யோஹான் யோர்ட், இடப்பட்ட முட்டைகளின் அளவை மட்டும் வைத்து இவ்வளவு பெரிய ஏற்றத்தாழ்வை விளக்க முடியாது என்ற முடிவுக்கு வந்தார். 1914-இல் வெளியான அவருடைய ஆய்வு இரண்டு காரணங்களை முன்வைத்தது. கருவுணவு தீர்ந்து, முதல்முறையாக இரை தேடத் தொடங்கும் சில நாள்களில் இரை அகப்படாமல் குஞ்சுகள் கூட்டமாக மடியலாம் என்பது ஒன்று. நீரோட்டம் அவற்றைத் திரும்பி வர முடியாத தொலைவுக்கு அடித்துக்கொண்டு போகலாம் என்பது மற்றொன்று. முதல் காரணம்தான் பல பத்தாண்டுகள் மீன்வள ஆய்வாளர்களின் கவனத்தை ஈர்த்தது. இரண்டாவதைச் சோதித்துப் பார்க்க அன்றைக்குக் கருவி இல்லை. செயற்கைக்கோள்களும், கணினி மாதிரிகளும், மீனின் செவிக்கல்லைப் படிக்கும் நுட்பமும், மரபணுச் சோதனையும் வந்த பிறகே அது தனக்குரிய இடத்தைப் பெற்றது.

பொட்டுப்போல் இருக்கும் லார்வாவை நினைத்தால் நீரோட்டத்தின் கையில் அது வெறும் தூசு என்று தோன்றுவது இயல்பு. 5 மில்லிமீட்டர் நீளமுள்ள குஞ்சு நொடிக்குத் தன் உடல் நீளம் அளவு நீந்தினாலே பெரிது. ஜப்பானை ஒட்டி ஓடும் குரோஷியோ போன்ற பெரிய ஓட்டம் நொடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் பாய்கிறது. இந்தக் கணக்கில் குஞ்சுக்கு வாய்ப்பே இல்லை. ஆனால் இந்தக் கணக்கு, குஞ்சு ஓட்டத்தை எதிர்த்து நீந்தியாக வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறது. கடந்த அரை நூற்றாண்டில் சேர்ந்த சான்றுகள் வேறொன்றைக் காட்டுகின்றன. குஞ்சு எந்த நீரில், எந்தப் பருவத்தில், எந்த ஆழத்தில் பயணத்தைத் தொடங்குகிறது என்பதைத் தாய்மீன் முட்டையிடும் இடமும் நேரமும் முடிவு செய்கின்றன. பிறகு குஞ்சு மேலும் கீழும் நகர்ந்து அதைத் திருத்திக்கொள்கிறது. ஓட்டம் சுமக்கிறது என்பது உண்மைதான். எந்த ஓட்டம் சுமக்க வேண்டும் என்பதில் மீனுக்கும் பங்கு உண்டு. இந்தப் பங்கை விட்டுவிட்டு நீரோட்டத்தை மட்டும் பேசினால் மீன்வளம் ஏன் ஏறி இறங்குகிறது என்பது பிடிபடாது என்பதே என் வாதம்.

முதலில் கடலின் அமைப்பைப் பார்ப்போம். கடல்நீர் எங்கும் ஒன்றுபோல் கலந்து கிடப்பதில்லை. குளிர்ந்த நீரும் வெப்பமான நீரும், உப்பு மிகுந்த நீரும் மழையாலோ ஆற்றாலோ நீர்த்துப்போன நீரும் அடுத்தடுத்து நகர்கின்றன. அவை உரசிக்கொள்ளும் குறுகிய எல்லையைக் கடலியலார் முகப்பு என்கிறார்கள். சில மீட்டர் அகலம் முதல் பல கிலோமீட்டர் அகலம் வரை முகப்புகள் உண்டு. இரு பக்கத்து அடர்த்தி வேறுபாட்டால் முகப்பை ஒட்டி நீர் வேகமாக ஓடும். பல முகப்புகளில் இரு பக்கத்து மேல்நீரும் எல்லையை நோக்கி வந்து சேர்ந்து கீழே இறங்கும். நீர் இறங்கினாலும் மிதக்கும் பொருள்கள் இறங்குவதில்லை. நுரை, பாசி, நுண்ணுயிர், மீன்முட்டை எல்லாம் அந்த வரியில் ஒதுங்கித் திரள்கின்றன. ஊட்டச்சத்து செழித்தல், இரை ஓரிடத்தில் செறிதல், குஞ்சுகள் அங்கேயே தங்குதல் ஆகிய மூன்றும் ஒருங்கே அமையும் இடத்தில்தான் குஞ்சுகள் பிழைக்கும் என்று ஆண்ட்ரூ பாக்குன் சொன்னார். முகப்புகளும் சுழல்களும் இந்த மூன்றையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்ப்பவை.

திரள்வதில் ஆபத்தும் இருக்கிறது. ஹவாய்த் தீவின் மேற்குக் கரையோரம் கடல் சில இடங்களில் எண்ணெய் தடவியதுபோல் வழவழப்பான பட்டைகளாகத் தெரியும். நீர் ஒன்றுசேரும் வரிகள் அவை. 2019-இல் வெளியான ஆய்வு ஒன்றில் அந்தப் பட்டைகளிலும் வெளியேயும் மேல்நீரை வலையால் அரித்து எடுத்துப் பார்த்தார்கள். பட்டைக்குள் மீன் லார்வாக்கள் வெளியே இருப்பதைப்போல் எட்டு மடங்கு இருந்தன. பிளாஸ்டிக் துணுக்குகளோ 126 மடங்கு இருந்தன. ஒரு குஞ்சுக்கு ஏழு துணுக்குகள் என்ற விகிதம். லார்வாக்களின் வயிற்றைக் கீறிப் பார்த்தபோது சிலவற்றுக்குள் நூலிழை போன்ற பிளாஸ்டிக் இருந்தது. இரையும் குஞ்சும் சேரும் அதே வரியில் நம் குப்பையும் சேர்கிறது. முகப்பை நல்ல தொட்டில் என்று மட்டும் பேசும் கட்டுரைகள் இதை மறந்துவிடுகின்றன.

தாய்மீன் எடுக்கும் முடிவுக்கு வருவோம். நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளுக்கு ஒவ்வோர் ஆண்டும் மார்ச், ஏப்ரலில் காட் மீன்கள் முட்டையிட வருகின்றன. அவற்றின் முட்டைகள் தரையில் கிடப்பதில்லை, மேல்நீரில் மிதக்கின்றன என்பதை ஜி.ஓ. சார்ஸ் 1860-களில் அங்கேதான் கண்டார். இந்த மீன்கள் இரைதேடி வளரும் இடம் வடக்கே உள்ள பாரென்ட்ஸ் கடல். அங்கிருந்து தெற்கு நோக்கி, கரையோர ஓட்டத்துக்கு எதிராக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வந்து முட்டையிடுகின்றன. முட்டைகளும் குஞ்சுகளும் அதே ஓட்டத்தில் வடக்கே மிதந்து, கோடை முடிவதற்குள் பாரென்ட்ஸ் கடலை அடைந்துவிடுகின்றன. நீந்த வலுவுள்ள மீன் ஓட்டத்தை எதிர்த்துப் போகிறது. வலுவில்லாத குஞ்சு ஓட்டத்தோடு திரும்புகிறது. எதிர்நீச்சல் முழுவதும் பெற்றோர் தலையில் விழுகிறது.

இதைவிடத் தெளிவான சான்று அமெரிக்காவின் மேற்குக் கரையில் கிடைக்கிறது. பிளாங்கோ முனைக்கும் கன்செப்ஷன் முனைக்கும் இடையே காற்று மேல்நீரைக் கரையிலிருந்து வெளிக்கடலுக்குப் பலமாகத் தள்ளுகிறது. அந்த நீரில் மிதக்கும் முட்டை விட்டால் குஞ்சு கரையைப் பார்க்காது. அங்கே வாழும் மீன்கள் என்ன செய்கின்றன என்று பாரிஷ், நெல்சன், பாக்குன் மூவரும் 1981-இல் தொகுத்துக் காட்டினார்கள். ஹேக் மீன் தெற்கே போய்க் குளிர்காலத்தில் முட்டையிட்டுவிட்டு, இரைக்காக வடக்கே திரும்புகிறது. பாறைமீன்கள் முட்டையை வெளியே விடாமல் குஞ்சாகவே ஈனுகின்றன. ஹெர்ரிங் விரிகுடாக்களுக்குள் நுழைந்து கடற்பாசியில் முட்டையை ஒட்டிவைக்கிறது. வேறு வேறு குடும்பங்களைச் சேர்ந்த மீன்கள், வேறு வேறு வழியில், ஒரே ஆபத்தைத் தவிர்க்கின்றன. இதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. அங்கே நிலைத்திருப்பவை, தங்கள் குஞ்சுகளை அந்தக் காற்றிடம் கொடுக்காத மரபுகள் மட்டுமே.

முகப்பே பாதையாகும் இடமும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் தென்முனையில் அகுல்ஹாஸ் திட்டு என்ற ஆழம் குறைந்த பரப்பில் நெத்திலி முட்டையிடுகிறது. அங்கே நீர் வெப்பமானது, இரையோ சுமார். மேற்குக் கரையில் ஆழநீர் மேலெழுந்து இரை குவிந்து கிடக்கிறது, ஆனால் அங்கே காற்று மேல்நீரை வெளியே தள்ளிவிடும். குளிர்ந்த கரைநீருக்கும் வெப்பமான வெளிநீருக்கும் இடையிலான முகப்பை ஒட்டி ஒரு குறுகிய விரைவோட்டம் வடக்கே பாய்கிறது. முட்டைகளும் லார்வாக்களும் அதில் சேர்ந்து கேப் தீபகற்பத்தைச் சுற்றி, செயின்ட் ஹெலினா விரிகுடாவின் இரைக்களத்துக்குப் போய்ச் சேருகின்றன. பெரிதானதும் கரையோரமாக நீந்தித் தெற்கே திரும்புகின்றன. 1996-இல் முட்டையிடும் பரப்பின் பெரும்பகுதி அகுல்ஹாஸ் முனைக்குக் கிழக்கே திடீரென்று நகர்ந்தது. அந்தத் திட்டின் கரைநீர் வெப்பநிலையில் ஏற்பட்ட மாற்றத்தோடு ஆய்வாளர்கள் இதைப் பொருத்திக் காட்டினார்கள். விரைவோட்டம் இருந்த இடத்திலேயே இருந்தது. அதில் ஏறும் துறை மட்டும் தள்ளிப்போனது.

என் வாதத்துக்கு மிகவும் வலுவூட்டுவது ஜப்பானிய விலாங்கின் கதை. ஜப்பான், கொரியா, சீனா, தைவான் நாடுகளின் ஆறுகளில் பல ஆண்டுகள் வளரும் இந்த விலாங்கு, முட்டையிட ஆழ்கடலுக்குப் போகிறது என்பது தெரிந்திருந்தும் எங்கே என்பது நெடுநாள் தெரியவில்லை. கட்சுமி சுகமோட்டோவின் குழு பெரிய லார்வாவிலிருந்து சிறிய லார்வாவை நோக்கிப் பின்னோக்கித் தேடியது. செவிக்கல்லில் நாளுக்கு ஒரு வளையம் பதியும் என்பதால் பிடித்த ஒவ்வொரு லார்வாவின் பிறந்தநாளையும் கணிக்க முடிந்தது. அவை அமாவாசையை ஒட்டி விழுந்தன. 1991-இல் 10 மில்லிமீட்டர் அளவுள்ளவை கிடைத்தன. 2005-இல் பொரித்துச் சில நாள்களே ஆனவை மரியானா மலைத்தொடரின் மேற்கே அகப்பட்டன. 2009 மே மாதம், அமாவாசைக்குச் சற்று முன், ஹகுஹோ மாரு என்ற கப்பலின் வலையில் முதன்முதலாக 31 முட்டைகள் கிடைத்தன. ஒவ்வொன்றும் ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான விட்டம். பசிபிக்கின் பரப்போடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய சாதனை என்பது புரியும். ஐரோப்பிய விலாங்கின் பிறப்பிடம் சர்காசோ கடல் என்று யோஹானஸ் ஷ்மிட் நூறாண்டுகளுக்கு முன்பே காட்டினார். ஆனால் அங்கே அதன் முட்டை ஒன்றுகூட இன்றுவரை கடலில் கிடைக்கவில்லை.

அந்த இடத்தை விலாங்கு எப்படிக் கண்டுகொள்கிறது? கடலடி மலைத்தொடர் வடக்குத் தெற்காகக் கிடக்கிறது. அதன் மேற்குப் பக்கம் என்ற ஒரு குறியை அது தருகிறது. வடக்கில் எங்கே நிற்பது என்பதற்கான குறியைத் தருவது உப்பு முகப்பு. வட நிலநடுக்கோட்டு ஓட்டத்தின் வடபாதியில் உப்பு மிகுந்த நீரும், தென்பாதியில் வெப்பமண்டல மழையால் நீர்த்த நீரும் சந்திக்கின்றன. விலாங்கு பெரும்பாலும் இந்த எல்லைக்குச் சற்றுத் தெற்கே முட்டையிடுகிறது. பொரித்துவரும் லார்வா இலைபோலத் தட்டையானது, கண்ணாடிபோல ஒளி ஊடுருவுவது, உடல் முழுதும் கூழ் நிறைந்தது. மேலிருந்து உதிரும் நுண்ணிய கழிவுத் துகள்களைத் தின்றுகொண்டு மேற்கே மிதந்துபோகிறது. இரவில் மேல்நீருக்கு ஏறி, பகலில் இறங்குகிறது. மேல்நீரில் இருக்கும் நேரமெல்லாம் கிழக்கிலிருந்து வீசும் காற்று அதைச் சிறிது சிறிதாக வடக்கே ஒதுக்குகிறது. இந்தச் சிறு ஒதுக்கம்தான் முடிவை மாற்றுகிறது. ஏனென்றால் பிலிப்பைன்ஸ் கரையில் அந்த ஓட்டம் இரண்டாகப் பிரிகிறது. வடக்கே திரும்பும் கிளை குரோஷியோவாகி லார்வாவை ஜப்பான், தைவான் ஆறுகளுக்குக் கொண்டுசேர்க்கும். தெற்கே திரும்பும் மிண்டனாவோ ஓட்டத்தில் விழுந்தால் அந்த விலாங்கு வளரத்தக்க ஆறு எதுவும் இல்லை. எல் நினோ ஆண்டுகளில் மழைப்பரப்பு நகர்வதால் உப்பு முகப்பு தெற்கே இறங்குகிறது. ஓட்டம் பிரியும் இடமோ வடக்கே ஏறுகிறது. விலாங்கு முகப்பைத் தொடர்ந்து தெற்கே போய் முட்டையிடும். குஞ்சுகளில் கூடுதலான பங்கு மிண்டனாவோ பக்கம் போய்விடும். கிமுராவின் குழு இந்தத் தொடர்பை விளக்கியதோடு, அத்தகைய ஆண்டுகளில் ஜப்பானியக் கழிமுகங்களுக்கு வரும் கண்ணாடி விலாங்குகள், அதாவது ஒளி ஊடுருவும் இளம் விலாங்குகள், குறைவதையும் சுட்டிக்காட்டியது. தலைமுறை தலைமுறையாகச் சரியாக வேலைசெய்த அடையாளமே அந்த ஆண்டில் மீனைத் தவறான இடத்துக்குக் கூட்டிப்போகிறது.

இதற்கு எதிராக எழும் முதல் கேள்வி பவளப்பாறைகளிலிருந்து வருகிறது. குஞ்சுகள் பிறந்த இடத்துக்கே திரும்பிவிடும் என்றால் ஓட்டங்களைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? சான்று பலமானதே. ஆஸ்திரேலியாவின் லிசர்ட் தீவில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட கருமுட்டைகளின் செவிக்கல்லில் டெட்ராசைக்ளின் மருந்தால் அடையாளமிட்டார்கள். பிறகு பிடித்த 5,000 இளமீன்களில் 15-இல் அந்த அடையாளம் இருந்தது. மொத்த முட்டைகளில் எவ்வளவு அடையாளமிடப்பட்டது என்பதைக் கணக்கில் கொண்டால் 15 முதல் 60 விழுக்காடு இளமீன்கள் பிறந்த தீவுக்கே திரும்பியவை என்று 1999-இல் மதிப்பிட்டார்கள். பப்புவா நியூ கினியின் கிம்பே தீவில் தாய்மீனுக்குப் பேரியம் ஐசோடோப்பை ஊசியால் செலுத்தி, அது குஞ்சின் செவிக்கல்லில் பதிவதைக் கொண்டு தேடினார்கள். 0.3 சதுர கிலோமீட்டர் பரப்பே உள்ள அந்தப் பாறைக்குக் கோமாளி மீன்களிலும் வண்ணாத்தி மீன்களிலும் ஏறத்தாழ 60 விழுக்காடு திரும்பியிருந்தன. வண்ணாத்தி மீன் ஐந்து வாரத்துக்கும் மேல் திறந்த நீரில் கழித்துவிட்டு அதே இடத்துக்கு வருகிறது என்பது வியப்பான செய்தி. ஆனால் இந்தக் கண்டுபிடிப்பு என் வாதத்தை அறுக்கவில்லை, உறுதிப்படுத்துகிறது. குஞ்சுகள் வெறுமனே மிதந்திருந்தால் இத்தனை திரும்பியிருக்காது. தீவின் பின்னால் உருவாகும் சுழல், மெதுவாக நகரும் ஆழத்தைத் தேர்ந்துகொள்ளுதல், பாறையின் ஒலியையும் வாசனையையும் அறிதல் எல்லாம் சேர்ந்தே இதைச் செய்கின்றன. பாறையில் குடியேறும் வயதில் இந்தக் குஞ்சுகள் சோதனைத் தொட்டியில் நொடிக்கு 13.5 சென்டிமீட்டர் ஓட்டத்தை எதிர்த்துச் சராசரியாக 40 கிலோமீட்டருக்கு ஈடான தொலைவு நீந்தியிருக்கின்றன. மிதக்கும் தூசு என்ற படம் அந்த வயதுக்குப் பொருந்தவே பொருந்தாது.

கழிமுகத்தில் கண்ணாடி விலாங்கு ஓட்டத்தை எதிர்த்து நீந்தாமலேயே முன்னேறுகிறது. ஏற்றத்தில் நீர் உள்ளே வரும்போது மேலே எழுந்து அதனோடு போகும். வற்றத்தில் நீர் வெளியேறும்போது தரையோடு ஒட்டிக் காத்திருக்கும். ஆறுமணி நேரத்துக்கு ஒருமுறை இந்த ஒரே அசைவு. ஓட்டம் இரு பக்கமும் சமமாகப் போய்வந்தாலும் விலாங்கு உள்ளே மட்டுமே முன்னேறுகிறது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கடினமானது. லார்வாக்களில் மிகப் பெரும்பாலானவை பசியாலும் பிற உயிர்களுக்கு இரையாகியும் சாகின்றன. எங்கே போகின்றன என்பது பெரிய விஷயமா என்பது அது. பதிலைக் கணக்கிலேயே காணலாம். நாளொன்றுக்கு 10 விழுக்காடு சாகிறது என்று வைத்துக்கொண்டால் பத்து லட்சம் குஞ்சுகளில் 50 நாள்களுக்குப் பிறகு சுமார் 5,150 எஞ்சும். அந்த விகிதம் 8 விழுக்காடாகக் குறைந்தால் 15,400-க்கும் மேல் எஞ்சும், அதாவது மூன்று மடங்கு. பத்துக்கும் எட்டுக்கும் இடையிலான இந்தச் சிறிய வேறுபாட்டை உண்டாக்கப் பேரிடர் எதுவும் வேண்டாம். இரை செறிந்த முகப்பில் இருப்பதும், அதிலிருந்து சில கிலோமீட்டர் விலகியிருப்பதும் போதும். கலிபோர்னியக் கரையில் ரூபன் லாஸ்கர் 1970-களில் கண்டது இதுதான்: அமைதியான நீரில் மெல்லிய அடுக்காகச் செறிந்திருந்த இரையை நெத்திலிக் குஞ்சுகள் தின்று வாழ முடிந்தது, புயல் வந்து அந்த அடுக்கைக் கலைத்ததும் அதே அளவு இரை நீரெங்கும் பரவி, எந்தக் குஞ்சுக்கும் பயன்படாத அளவுக்கு ஐதாகிவிட்டது. யோர்ட்டின் இரண்டு காரணங்களும் தனித்தனியானவை என்ற நினைப்பை இங்கே விட்டுவிடலாம். எங்கே கொண்டுபோகப்படுகிறது என்பதே என்ன கிடைக்கும், எது தின்னும் என்பதை முடிவு செய்கிறது.

மூன்றாவது மறுப்பை மதித்தே ஆக வேண்டும். காற்று, வெப்பம், ஓட்டம் ஆகியவற்றுக்கும் புதிய மீன்களின் வரவுக்கும் தொடர்பு கண்டதாக நூற்றுக்கணக்கான ஆய்வுகள் உண்டு. பழைய தொடர்புகள் பல, புதிய ஆண்டுகளின் தரவு சேர்ந்ததும் உடைந்துவிட்டன என்று ரான்சம் மையர்ஸ் 1998-இல் காட்டினார். ஓரினம் பரவியிருக்கும் எல்லையின் ஓரங்களில் கண்ட தொடர்புகளே பெரும்பாலும் தாக்குப்பிடித்தன. இது உண்மையான எச்சரிக்கை. ஆனால் உடைந்தவை, ஒரே ஒரு வெப்பநிலை எண்ணையும் மீன்பிடி எண்ணையும் அருகருகே வைத்துக் கோடு போட்ட தொடர்புகள். தாய் எங்கே முட்டையிட்டது, குஞ்சு எந்த ஆழத்தில் இருந்தது என்ற இடைநிலைகளை அவை தாண்டிக் குதித்தன. அந்தப் படிகள் ஒவ்வொன்றும் மாறக்கூடியவை என்பதால் முதலுக்கும் முடிவுக்கும் இடையிலான தொடர்பு ஆட்டம் காண்பது இயல்பே. விலாங்கின் கதை அந்தப் படிகளில் பலவற்றைத் தனித்தனியே சோதித்துக் கட்டப்பட்டது. அதனால்தான் அதற்கு நான் கூடுதல் எடை தருகிறேன்.

தவறிப்போகும் குஞ்சுகளும் உண்டு. கரீபியக் கடலில் பிறந்த வண்ணாத்தி மீன்குஞ்சுகளைக் கல்ஃப் ஓட்டம் கோடைதோறும் நியூயார்க் வரை கொண்டுபோய்விடுகிறது. பனிக்காலத்தில் அவை மடிகின்றன. குரோஷியோவும் வெப்பமண்டல மீன்குஞ்சுகளை ஜப்பானின் நடுப்பகுதி வரை கொண்டுபோகிறது. இதை வீண் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. கடல் சூடேறி, ஒரு குளிர்காலத்தைத் தாக்குப்பிடிக்கும் அளவுக்கு நீர் மாறினால், அங்கே புதுக் குடியேற்றத்துக்கு வேண்டிய குஞ்சுகள் ஏற்கெனவே வந்துகொண்டுதான் இருக்கின்றன.

இதெல்லாம் மீன்பிடி முறைக்கு என்ன சொல்கிறது? ஆஸ்திரேலியாவின் கெப்பெல் தீவுகளில் பாறைப்பரப்பில் 28 விழுக்காட்டை மீன்பிடிக்கு மூடினார்கள். சுற்றுவட்டத்தில் சேர்ந்த இளமீன்களில் ஏறத்தாழ பாதி அந்த மூடிய பகுதியில் பிறந்தவை என்று 2012-இல் மரபணுச் சோதனை காட்டியது. பெரிய தாய்மீன்கள் நல்ல இடத்தில் முட்டையிட்டால் பலன் வேலிக்கு வெளியேயும் போய்ச்சேருகிறது. நம் பக்கத்திலும் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. தமிழகக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடை நடப்பில் இருக்கிறது. வங்கக் கடலின் மேற்குக் கரையோர ஓட்டம் ஆண்டில் இருமுறை திசை மாறுவது; பிப்ரவரி முதல் மே வரை வடக்கே ஓடுகிறது, அக்டோபருக்குப் பிறகு தெற்கே. சித்திரையில் பிறக்கும் குஞ்சும் ஐப்பசியில் பிறக்கும் குஞ்சும் எதிரெதிர்த் திசையில் போகக்கூடும் என்றால், ஒரே ஒரு தடைக்காலம் எந்த இனத்துக்கு உதவுகிறது, எதை விட்டுவிடுகிறது என்பதை இனம் இனமாகக் கேட்க வேண்டும். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் செயற்கைக்கோள் காட்டும் வெப்பநிலையையும் பாசிப் பச்சையத்தையும் வைத்து, முகப்புகள் இருக்கும் இடங்களை மீன் கிடைக்கும் பகுதிகள் என்று மீனவர்களுக்கு அறிவிக்கிறது. எரிபொருளை மிச்சப்படுத்தும் நல்ல பணி அது. ஆனால் படகு போகும் அதே வரியில் குஞ்சுகளும் திரளும் என்பதால், கண்ணி சிறுத்த வலைகளை அந்த வரிகளிலிருந்து விலக்கிவைக்கும் அறிவிப்பும் அதோடு சேர்ந்தே போக வேண்டும்.

ஜப்பானிய விலாங்கு 2014-இல் அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜப்பான், சீனா, கொரியா, தைவான் தரப்புகள் பண்ணைகளில் இடும் கண்ணாடி விலாங்குகளை 20 விழுக்காடு குறைப்பதாக அறிவித்தன. 2010-லேயே ஜப்பானிய ஆய்வாளர்கள் முட்டை முதல் முட்டை வரை விலாங்கைத் தொட்டியிலேயே வளர்த்துக் காட்டிவிட்டாலும், பண்ணைகள் இன்னமும் கடலிலிருந்து வரும் குஞ்சுகளையே நம்பியிருக்கின்றன. எல்லா நாட்டு ஆறுகளிலிருந்தும் போகும் விலாங்குகள் மரியானா அருகே ஒரே கூட்டமாகக் கலந்து முட்டையிடுகின்றன. தைவான் ஆற்றில் வளர்ந்த தாயின் குஞ்சு ஜப்பானிய ஆற்றுக்கு வரலாம், கொரியத் தாயின் குஞ்சு சீனத்துக்குப் போகலாம். உப்பு முகப்பு தெற்கே இறங்கும் ஆண்டை எந்த அரசாலும் தடுக்க முடியாது. அந்த ஆண்டையும் தாங்கும் அளவுக்குப் போதுமான தாய்கள் ஆறுகளிலிருந்து கடலுக்கு இறங்குகின்றனவா என்பது அணைகளையும், கழிமுகங்களையும், முதிர்ந்த விலாங்கைப் பிடிக்கும் பொறிகளையும் பொறுத்தது. குஞ்சுகளுக்கு மட்டும் வரம்பு வைக்கும் ஒப்பந்தம் அந்தத் தாய்களைத் தொடவில்லை.